காத்தாட விட்ட புண்ணும் அணைந்துபோகும் பேட்டரியும்

கேள்வி இதுதான்: "காசிமேட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு 62 வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அளவில் புண், மூன்று மாதமாக ஆறவில்லை. பக்கத்துத் தெருவில் நடந்த இலவச முகாமில், கால் வைத்தால் கரண்ட் வரும் மெஷினைக் காட்டி, 'இது செல்களை இழுத்துவந்து புண்ணை மூடும்' என்றார்கள். கரண்ட் வைத்தால் புற்றுநோய் பரவும் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். எது உண்மை?"

இரண்டு பேர் சொன்னதிலும் கால்வாசி உண்மை இருக்கிறது. முழுப் பொய்யாக இருந்தால் தள்ளிவிட்டுப் போய்விடலாம். கால்வாசி உண்மைதான் ஆளைக் கவிழ்க்கும். அவசரமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த மெஷினில் அப்பாவைக் கால் வைக்க விடாதீர்கள், வாங்கவும் வாங்காதீர்கள். காரணம் புரிய வேண்டுமென்றால் உடம்பின் உயிரணுவான செல் எதைப் பார்த்து நகர்கிறது என்பதிலிருந்து வர வேண்டும்.

நம் தோல் ஒரு பேட்டரி. இது உவமை இல்லை, மீட்டர் வைத்தால் காட்டும். தோலின் உயிருள்ள மேலடுக்கு, வெளிப்பக்கத்திலிருந்து சோடியத்தை வாங்கி, உள்பக்கம் இருக்கும் பம்ப் வழியாக உடம்புக்குள் தள்ளிக்கொண்டே இருக்கிறது. செல்லுக்குச் செல் இறுக்கித் தைத்தது போல ஒட்டியிருப்பதால், தள்ளிய சோடியம் சந்து வழியாகத் திரும்பி ஒழுக முடியாது. அதனால் உள்பக்கம் பிளஸ், வெளிப்பக்கம் மைனஸ். மனிதத் தோலில் இந்த வித்தியாசம் இடத்துக்கு இடம் 10 முதல் 60 மில்லிவோல்ட் வரை இருக்கும். உள்ளங்கை, உள்ளங்கால் போன்ற முடியில்லாத இடங்களில் அதிகம்.

தோல் கிழிந்தால் இந்த பேட்டரி ஷார்ட் ஆகிறது. விசைப்படகின் பேட்டரி ஒயர் நைந்து உப்புத்தண்ணீரில் தொங்கினால் என்ன ஆகுமோ, அதேதான். வெட்டுப்பட்ட இடத்தில் தடுப்பே இல்லாததால் வோல்டேஜ் விழுந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் தள்ளி, நல்ல தோலில் பழைய வோல்டேஜ் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சரிவு. சுற்றிலும் உள்ள நல்ல தோலின் அடியிலிருந்து கரண்ட் புண்ணை நோக்கி ஓடிவந்து, புண் வழியாக வெளியேறுகிறது. மேல்தோல் செல்லின் பார்வையில் புண்ணின் நடு, மைனஸ் பக்கம்.

ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் எமில் து புவா-ரேமோன் 1840-களிலேயே, பல ஆயிரம் சுற்றுக் கம்பி சுற்றிய கால்வனோமீட்டரை வைத்துத் தன் விரல் வெட்டிலிருந்து வரும் கரண்ட்டை அளந்தார். ஏறத்தாழ ஒரு மைக்ரோ ஆம்பியர், அதாவது ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சரிவின் செங்குத்து எவ்வளவு என்பது 1982-ல் கினியா பன்றியின் தோலில் துல்லியமாகக் கிடைத்தது: புண்ணின் ஓரத்தில் மில்லிமீட்டருக்கு 140 மில்லிவோல்ட். பிறகு மனிதர்களிடம் சின்ன லான்செட் (சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் ஊசி) குத்துக்குப் பக்கத்தில் அளந்தபோது, 18–25 வயதுக்காரர்களிடம் 107 முதல் 148 வரை வந்தது. 65–80 வயதில் அது நன்றாக இறங்கியிருந்தது. மில்லிமீட்டருக்கு 100 மில்லிவோல்ட் என்றால் எவ்வளவு? ஒரு பென்சில் பேட்டரியின் ஒன்றரை வோல்ட்டை ஒன்றரை சென்டிமீட்டர் நீள ஈரத்தில் பரப்பினால் கிடைக்கும் சரிவு அது. செல்லுக்கு அது போதும்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சரிவு புண்ணின் ஓரத்திலிருந்து அரை மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒரு மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் புண்ணின் நட்டநடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. மேல்தோல் எப்போதும் ஓரத்திலிருந்துதான் ஊர்ந்து வரும். அதனால் ஓரம் நன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அப்பாவின் புண்ணைச் சுற்றி மஞ்சள் கலந்த வெள்ளையில் தடித்த காய்ப்பு இருந்தால், ஓரத்துச் செல் அந்தச் சுவரில் முட்டி நின்றுவிடும். பாதப் புண் கிளினிக்கில் பிளேடு வைத்து அந்தக் காய்ப்பைச் சீவி எடுப்பது அழகுக்காக இல்லை.

செல் இந்தச் சரிவை எப்படி உணர்கிறது? செல்லுக்குள் இந்த கரண்ட் நுழைவதில்லை. அதன் சவ்வு நல்ல இன்சுலேட்டர். 20 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள ஒரு செல்லின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் வித்தியாசம் வெறும் 2 மில்லிவோல்ட். சவ்வின் சொந்த வோல்டேஜே பல பத்து மில்லிவோல்ட் இருக்கும்போது, இந்த இரண்டு, சவ்வில் அயனி நுழையும் எந்தக் கதவையும் திறக்காது. மாற்றம் சவ்வின் மேல்பரப்பில் நடக்கிறது. எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் தக்கை போல அங்கே புரதங்கள் மிதக்கின்றன, பலவற்றுக்கு மின்னேற்றம் உண்டு. சரிவு விழுந்ததும் அவை மெல்ல ஒரு கரைக்கு ஒதுங்குகின்றன. இப்படித்தான் நடக்கும் என்று ஆய்வாளர் லயனல் ஜாஃபி 1977-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். மீன் செதிலின் செல்களை வைத்து ஜூலி தெரியோவின் குழு 2013-ல் அதை உறுதிப்படுத்தியது. வளர்ச்சிக் காரணியைப் பிடிக்கும் ஏற்பிகள் மைனஸ் பக்கம் கூடுகின்றன, அந்தப் பக்கம் செல்லின் உள்எலும்பான ஆக்டின் இழைகள் நீள்கின்றன, செல் அந்தப் பக்கம் பாதத்தை நீட்டுகிறது.

ஆக, கரண்ட் செல்லை இழுப்பதில்லை. பிளேட்டிங் பட்டறையில் நிக்கல் அயனி மைனஸ் தகட்டுக்கு இழுபட்டுப் போய் ஒட்டுமே, அந்த மாதிரி இல்லை இது. ஆக்டினை முடக்கும் மருந்து கொடுத்துவிட்டு எத்தனை மணி நேரம் கரண்ட் வைத்தாலும் செல் நின்ற இடத்தில் நிற்கும். கரண்ட் கைகாட்டி மரம். நடப்பது செல்லின் சொந்த உழைப்பு. ரத்தமும் ஆக்சிஜனும் வராத செல் கைகாட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முகாமில் சொன்ன "இழுத்துவந்து" என்ற ஒரு சொல்லில்தான் பிழை மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது.

இது நிஜமாகவே மின்சாரத்தின் வேலையா, அல்லது மின்முனையில் உண்டாகும் ரசாயனத்தின் வேலையா என்று சந்தேகம் வரலாம். நியாயமான சந்தேகம். ஆய்வகத்தில் இதற்குப் படும் பாடு கொஞ்சம் இல்லை. கண்ணாடித் துண்டுகளை ஒட்டி 22 மில்லிமீட்டர் நீளம், 10 மில்லிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு குறுகலான வாய்க்கால் செய்வார்கள். செல்கள் அதன் தரையில் ஒட்டியிருக்கும். மில்லிமீட்டருக்கு 100 மில்லிவோல்ட் வேண்டுமென்றால், வாய்க்காலின் இரு முனைக்கு நடுவே 2.2 வோல்ட் விழ வேண்டும். வளர்ப்புத் திரவம் உப்புக்கரைசல்தான், சென்டிமீட்டர் கணக்கில் 70 ஓம் அளவுக்குத் தடை. கணக்குப் போட்டால் வாய்க்காலின் தடை சுமார் 15 ஆயிரம் ஓம், கரண்ட் 0.14 மில்லி ஆம்பியர். சூடு ஒரு மில்லிவாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே சோதனையை 5 மில்லிமீட்டர் ஆழமுள்ள சாதாரணத் தட்டில் செய்தால் கரண்ட் ஐம்பது மடங்கு ஏறி 7 மில்லி ஆம்பியர் ஆகும். திரவம் சூடாகும், செல் சாகும், "கரண்ட் கெடுதல்" என்று தவறாக எழுதிவைப்பார்கள். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

மின்முனையைச் செல் இருக்கும் திரவத்தில் நேராக முக்கவே கூடாது. முக்கினால் மைனஸ் பக்கம் காரமும் பிளஸ் பக்கம் அமிலமும் ஊறும். அதனால் வெள்ளி–வெள்ளிக் குளோரைடு முனைகளைத் தனிக் கிண்ணத்து உப்புக்கரைசலில் வைத்து, அங்கிருந்து 2 சதவீத அகார் ஜெல்லி நிரப்பிய, வளைந்த கண்ணாடிக் குழாய் வழியாகக் கரண்ட்டைக் கொண்டுவருவார்கள். அந்த நீளக் குழாயைக் கடந்து ரசாயனம் வந்து சேர்வதற்குள் சோதனை முடிந்துவிடும். அதற்கும் மேல் ஒரு சோதனை: திரவத்தைக் குறுக்கே ஓடவிட்டு, கரைந்திருப்பதையெல்லாம் அடித்துக்கொண்டு போகச் செய்வது. அப்போதும் செல் மைனஸ் பக்கமே போகிறது. பிளஸ்–மைனஸை மாற்றினால் சில நிமிடங்களில் தயங்கி, திரும்பி, வந்த வழியே ஊர்கிறது. நுண்ணோக்கியில் பார்க்க ஒரு மந்தை திரும்புவது போல இருக்கும். மனித மேல்தோல் செல் இப்படி ஊரும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரான். நேர்கோட்டில் விடாமல் போனால் ஒரு நாளைக்கு 1.4 மில்லிமீட்டர். ஒரு ரூபாய்க் காசின் ஓரத்திலிருந்து நடுவுக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர். நிஜப் புண்ணில் இந்த வேகம் ஒருபோதும் கிடைக்காது, ஆனால் மூன்று மாதம் என்பது செல்லின் நடை வேகத்தால் விளக்க முடியாத தாமதம் என்று புரியும்.

2006-ல் மின் ஜாவ், காலின் மெக்கேய்க், யோசஃப் பென்னிங்கர் குழு 'நேச்சர்' அறிவியல் இதழில் காட்டியது இந்தத் துறையையே நிமிர்த்தியது. புண்ணின் இயற்கைச் சரிவுக்கு எதிராக வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தார்கள். பக்கத்தில் காலி இடம் கிடக்கிறது, ரசாயன அழைப்பும் இருக்கிறது. ஆனாலும் செல்கள் புண்ணுக்கு முதுகைக் காட்டி நடந்தன. மற்ற சைகைகளை மீறி மின்சாரம் ஜெயித்தது. பிஐ3-கைனேஸ் காமா என்ற நொதியை எடுத்துவிட்டால் செல் திசை தெரியாமல் தடுமாறியது; அதற்கு எதிர்வேலை செய்யும் பி-டென் என்ற மரபணுவை எடுத்துவிட்டால் இன்னும் கூர்மையாகத் திரும்பியது. பல புற்றுநோய்களில் தொலைந்துபோகும் மரபணு இந்த பி-டென்; புற்றுநோய்க்குப் பிறகு வருகிறேன்.

எல்லாச் செல்லும் ஒரே பக்கம் போவதில்லை என்பதையும் முகாமில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மேல்தோல் செல் மைனஸ் பக்கம். பெரிய ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல் பிளஸ் பக்கம். கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் பிளஸ் பக்கம். தழும்பு நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் பெரிதாக நகராது. சரிவுக்குக் குறுக்கே படுத்துக்கொள்ளும். ஒரு மெஷின் ஒரு திசையில் கரண்ட் விட்டு இத்தனை பேரையும் ஒரே இடத்துக்கு வரவழைக்க முடியாது.

இப்போது நம் வீடுகளில் நடக்கும் ஒரு பெரிய தப்புக்கு வருகிறேன். "புண்ணைக் கட்டாதே, காத்தாட விடு, காஞ்சா ஆறிடும்" என்று தண்டையார்பேட்டையில் கேட்டாலும் திருவொற்றியூரில் கேட்டாலும் சொல்வார்கள். பவுடர் தூவி ஃபேனுக்கு அடியில் கால் நீட்டச் சொல்வார்கள். ஈரம் காய்ந்தால் சர்க்யூட் அறுந்துவிடும். பொருக்குத் தட்டிய இடத்தில் கரண்ட் ஓட வழியில்லை, ஓரத்துச் சரிவு படுத்துவிடும். செல் பொருக்குக்கு அடியில் ஈரத்தைத் தேடிப் பள்ளம் தோண்டிக்கொண்டு போக வேண்டும். ஆய்வாளர் ஜார்ஜ் விண்டர் 1962-ல் பன்றித் தோலில் சின்னப் புண்களைச் செய்து, பாதியை பாலித்தீன் படலத்தால் மூடி, மீதியைக் காய விட்டார். மூடியவை ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் தோல் மூடின. அதற்குக் கரண்ட் மட்டும் காரணம் இல்லை, ஆனால் அதுவும் ஒரு காரணம். கதவிடுக்கில் நசுங்கி விரல் நுனி போன குழந்தைகளிடமும் இதே பாடம்தான். இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் 1980-ல் அளந்தபோது அந்த நுனிகளிலிருந்து சதுர சென்டிமீட்டருக்கு 22 மைக்ரோ ஆம்பியர் வரை கரண்ட் வெளியேறியது. தைத்து மூடாமல், ஈரக் கட்டோடு விட்ட நுனிகள் நன்றாக வளர்ந்து வந்தன.

ஈரம் என்றதும் கடல்தண்ணீரில் கால் வைக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். துறைமுகத்துத் தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் சர்க்கரைக்காரரின் புண்ணுக்கு விஷம். கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் ஒரே நாளில் காலை எடுக்கும் அளவுக்குப் போகலாம். நான் சொல்லும் ஈரம், சலைனில் கழுவி, ஓரத்தைச் சொதசொதவென்று ஊறவிடாமல், புண்ணின் தரை மட்டும் காயாமல் இருக்கும்படி கட்டுவது. ஒரு முக்கியமான விலக்கும் உண்டு: ரத்த ஓட்டம் நின்று கருத்துக் காய்ந்த விரலையோ, குதிகாலில் கெட்டியாக ஒட்டிய கருப்புப் பொருக்கையோ ஈரமாக்கக் கூடாது. ரத்தநாள மருத்துவர் பார்க்கும் வரை அதைக் காய்ந்தபடியே வைத்திருக்க வேண்டும்.

சர்க்கரைக்கும் இந்த பேட்டரிக்கும் தொடர்பு இருக்கிறதா? கண்ணின் கருவிழிப் படலத்தில் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளில் கருவிழிக் காயத்திலிருந்து வரும் கரண்ட் தெளிவாகக் குறைந்திருந்தது, காயமும் தாமதமாக மூடியது. இது 2016-ல் வந்த ஆய்வு. அதற்கும் முன்பே, எலியின் கருவிழியில் அயனி ஓட்டத்தைத் தூண்டும் மருந்து விட்டால் காயம் வேகமாகவும், பம்பை அடைக்கும் உவாபெயின் என்ற மருந்து விட்டால் மெதுவாகவும் மூடுகிறது என்று 2002-ல் காட்டியிருந்தார்கள். ஆக, சர்க்கரைக்காரருக்கு பேட்டரி பலவீனம் என்பது வெறும் ஊகம் இல்லை. ஆனால் பாதப் புண்ணில் பேட்டரி நான்காவது ஐந்தாவது பிரச்சினை. முதல் மூன்று: மிதிபடும் அழுத்தம், வராத ரத்தம், உள்ளே ஒளிந்த கிருமி. பெருவிரலுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரம் அதே இடத்தில் இறங்குகிறது. ஊர்ந்து வந்த செல்லை நசுக்கிக்கொண்டே, கைகாட்டி சரியில்லை என்று குறைப்படுவதில் பயனில்லை.

இனி அந்த மெஷின். கால்தடம் வரைந்த இரண்டு பேட் இருக்கும், காலை வைத்ததும் தசை துடிக்கும். கரண்ட் ஒரு கால் வழியாக ஏறி இன்னொரு கால் வழியாக இறங்குகிறது. தசையைத் துடிக்கவைக்கும் வகை என்பதால் பிளஸும் மைனஸும் மாறி மாறி வரும். கூட்டிக் கழித்தால் திசை என்று ஒன்றும் மிஞ்சாது. திசையே இல்லாத கரண்ட் செல்லுக்கு எதைக் காட்டும்? வலிக்கு ஒட்டும் டென்ஸ் மெஷினும் பெரும்பாலும் இதே வகைதான். இதில் ஆபத்தும் இருக்கிறது. உணர்ச்சி மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. புண்ணின் ஈரத்தில் தடுப்பு குறைவு என்பதால் கரண்ட் அங்கேயே குவிந்து சுடும். அதோடு பதினைந்து நிமிடம் புண்ணை பேட்டில் அழுத்தி வைத்திருப்பது தனிக் கேடு.

"திசையுள்ள கரண்ட்தானே வேண்டும், 9 வோல்ட் பேட்டரியை நானே வைக்கிறேன்" என்று கிளம்பும் கைவேலைக்காரர்களுக்கும் ஒரு சொல். நேர்மின்சாரம் சதுர சென்டிமீட்டருக்கு அரை மில்லி ஆம்பியரைத் தாண்டினால் முனைக்கு அடியில் தோல் வேகும். சூட்டினால் வேகாது, மைனஸ் பக்கம் ஊறும் காரத்தால் வேகும். பார்க்கச் சின்னக் கொப்புளம், உள்ளே ஆழமான புண்.

மருத்துவமனைகளில் புண்ணுக்குக் கரண்ட் கொடுப்பது உண்டு, அது வேறு சாதி. பெயர் உயர் வோல்டேஜ் துடிப்பு மின்சாரம். 50 முதல் 150 வோல்ட் என்றதும் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு துடிப்பும் நொடியில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான் நீடிக்கும், நொடிக்கு 100 துடிப்பு. சராசரிக் கரண்ட் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியரைத் தாண்டாது. துடிப்பு ஒரே திசையில் போகும். புண்ணைச் சலைனால் கழுவி, சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியைக் குழியில் இதமாக நிரப்பி, அதன்மேல் முனையை வைத்து, இன்னொரு பெரிய முனையை 15–30 சென்டிமீட்டர் தள்ளி நல்ல தோலில் ஒட்டுவார்கள். ஒரு வேளைக்கு 45 முதல் 60 நிமிடம், வாரத்தில் மூன்று முதல் ஏழு நாள், பல வாரங்கள். நோயாளிக்கு லேசான குறுகுறுப்பு தெரியும் அளவே போதும். மரத்த காலில் அது தெரியாது என்பதால், தசை லேசாகத் துடிக்கும் வரை ஏற்றி, உடனே ஒரு படி இறக்குவார்கள். அடிக்கடி நடக்கும் பிழை, புண்ணில் போவிடோன் அயோடின் மருந்தோ வெள்ளி கலந்த களிம்போ மிச்சம் இருக்கும்போதே கரண்ட்டை ஓட்டுவது. அந்த அயனிகள் தசைக்குள் ஏறிவிடும். காஸ் காய்ந்துபோவதும் பிழை. ஓரத்தில் ஈரமாகவும் நடுவில் காய்ந்தும் இருந்தால் கரண்ட் ஈரமான மூலையில் குவிந்து குத்தும். பேஸ்மேக்கர் வைத்தவர், எலும்பில் சீழ் இருப்பவர், காலில் ரத்தம் உறைந்தவர், புண்ணிலோ பக்கத்திலோ புற்றுநோய் இருப்பவர், கர்ப்பிணி ஆகியோருக்கு இது கூடாது.

இது யாருக்குப் பலிக்கிறது? படுத்த படுக்கையாக இருப்பவர்களின் படுக்கைப் புண்ணுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சர்வதேச வழிகாட்டி நெறிகள் ஆழமான படுக்கைப் புண்ணுக்கு இதைப் பரிந்துரைக்கின்றன. பாரிசவாயு வந்து வீட்டில் கிடப்பவரின் இடுப்புப் புண்ணுக்கு பிசியோதெரபிஸ்ட்டிடம் தாராளமாகக் கேட்கலாம். சர்க்கரைப் பாதத்துக்கோ, அதற்கென்றே இருக்கும் சர்வதேசச் செயற்குழு மின்சாரம், காந்தம், அல்ட்ராசவுண்ட் போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றே ஆலோசனை சொல்கிறது. கெடுதல் என்பதால் இல்லை. பணமும் நாளும் போட்டதற்கு ஈடாகப் பலன் கிடைக்கும் என்று காட்டும் தரமான சோதனைகள் போதவில்லை. என் கணிப்பும் அதுதான். செல் எப்படி ஊர்கிறது என்ற அறிவு அழகாக வளர்ந்திருக்கிறது. மெஷின் அந்த அறிவை இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை. மைக்ரோ நொடித் துடிப்பு, தோலின் விடாத மெல்லிய சரிவைப் போலவே இல்லை.

புற்றுநோய்க்கு வருகிறேன். எலியின் புரோஸ்டேட் புற்றுச் செல்லில் இரண்டு வகை உண்டு: மிக வேகமாகப் பரவுவது ஒன்று, அதிகம் பரவாதது இன்னொன்று. ஆய்வாளர் முஸ்தஃபா ஜாம்கோஸ் குழு 2001-ல் இரண்டையும் மின்சரிவில் வைத்தபோது, பரவும் வகை மைனஸ் பக்கம் விறுவிறுவென்று போனது, பரவாத வகை கண்டுகொள்ளவில்லை. பரவும் செல்லில் நரம்பிலும் தசையிலும் இருக்க வேண்டிய சோடியம் வாயில்கள் முளைத்திருந்தன. பஃபர் மீனின் விஷத்தால் அவற்றை அடைத்ததும் திசை உணர்வு குறைந்தது. மார்பகப் புற்றின் கடுமையான ஒரு வகைச் செல் இதற்கு நேரெதிராக பிளஸ் பக்கம் போகிறது. ஆக, புற்றுச் செல்லும் இதே கைகாட்டியைப் படிக்கிறது என்பது உண்மை. கரண்ட் வைத்தால் இல்லாத புற்றுநோய் வரும் என்பது இதிலிருந்து பிறக்காது. மூளைக் கட்டி ஒன்றுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் மாறுமின்புலத்தைத் தலையில் பட்டை ஒட்டிச் சிகிச்சையாகவே கொடுக்கிறார்கள்; அமெரிக்காவில் 2011-ல் அனுமதி கிடைத்தது. நீங்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: வருடக்கணக்கில் ஆறாத புண்ணின் ஓரம் தடித்து, காலிஃபிளவர் போலக் கிளம்பி, தொட்டால் ரத்தம் வந்தால், எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் ஓரத்தில் ஒரு துண்டு எடுத்துப் பயாப்ஸி பார்க்க வேண்டும். நாள்பட்ட புண் புற்றாக மாறுவது உண்டு.

நோய்க் கிருமிகள்கூட இந்த மொழியைப் படிக்கின்றன. டைஃபாய்டு குடும்பத்தைச் சேர்ந்த சால்மோனெல்லாவை வைத்து எலிகளில் செய்தது: குடலின் உட்சுவரும் தோல் மாதிரியே பேட்டரி, அதில் நோயெதிர்ப்புத் திட்டுகளின் மேல் இருக்கும் பகுதியில் மின்புலம் சுற்றுப்புறத்திலிருந்து மாறுபடுகிறது. சால்மோனெல்லா அதை மோப்பம் பிடித்து அந்த இடத்தில் கூடுகிறது, ஈ. கோலை என்ற இன்னொரு குடல் கிருமி எதிர்ப்பக்கம் விலகுகிறது. இது 2024-ல் வெளியானது. அதற்கு முன், 2019-ல் இன்னும் வேடிக்கையான ஒன்று. பிளஸ் பக்கம் போக வேண்டிய மேக்ரோஃபேஜ், சால்மோனெல்லாவை விழுங்கிய பிறகு மைனஸ் பக்கம் திரும்பிவிடுகிறது. கிருமி மேக்ரோஃபேஜின் மேற்பரப்பு மின்னேற்றத்தைச் சுரண்டி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்கிறது. குடலில் நிற்க வேண்டிய காவல்காரன், கிருமியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் கிளம்புகிறான்.

அப்பாவுக்கு இந்த வாரம் செய்ய வேண்டியதற்கு வருவோம். ராயபுரத்தில் எம்.வி. நீரிழிவு மருத்துவமனை, பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை என்று நடந்து போகும் தூரத்தில் இருக்கிறீர்கள். போய், கால் விரலின் ரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். கணுக்கால் அழுத்தம் மட்டும் போதாது. சர்க்கரைக்காரரின் ரத்தக்குழாய் சுண்ணாம்பேறி விறைத்திருந்தால் அந்த எண் பொய்யாக நன்றாகக் காட்டும். விரலில் 30-க்குக் கீழே என்றால் ரத்தநாள அறுவை மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். மழுங்கிய கம்பியைப் புண்ணுக்குள் விட்டுப் பார்க்கையில் எலும்பு தட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தட்டினால் எலும்பில் கிருமி இருக்க வாய்ப்பு அதிகம், எக்ஸ்ரே எடுப்பார்கள். பாரத்தை இறக்க, முழங்கால் வரை கழற்ற முடியாத மாவுக்கட்டு போன்ற ஒன்றைப் போடுவார்கள். ரத்த ஓட்டமும் கிருமியும் சரியாக இருந்தால்தான் அதைப் போடலாம். எம்.சி.ஆர். (மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு நல்லதுதான், ஆனால் அது புண் ஆறிய பிறகு மறுபடி வராமல் இருக்க. திறந்த புண்ணுக்கு அது போதாது. "கழற்றக்கூடியதே கொடுங்கள்" என்று அப்பா அடம்பிடிப்பார். கழற்றக்கூடியது என்றால் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகும்போது கழற்றிவிடுவார் என்பது உங்களுக்கே தெரியும்.

வீட்டில் ஒரு வேலை. சுத்தமான பாலித்தீன் தாளைப் புண்ணுக்கு மேலே தொடாமல் பிடித்து, மார்க்கர் பேனாவால் ஓரத்தை வரைந்து, தேதி போட்டு, கட்டம் போட்ட தாளில் வைத்துச் சதுர மில்லிமீட்டரை எண்ணுங்கள். வாரம் ஒரு முறை, ஒரே ஆள், ஒரே வெளிச்சம். பாரம் இறக்கி, காய்ப்பு சீவி, ஈரக் கட்டு போட்டு நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால், அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு மறுபடி போய், ரத்த ஓட்டத்தையும் எலும்பையும் புதிதாகப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல், பாதத்தில் பரவும் சிவப்பு, நாற்றம், திடீரென்று ஏறும் சர்க்கரை, இவற்றில் ஒன்று வந்தாலும் நான்கு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.